நாலாவது கால்

வாங்க மக்கா, கிட்ட வந்து இருங்க. அந்த ஓரத்தில் சாரல் அடிக்குது, இங்கோட்டு நீங்கிக்கோங்க. கையில் சாயா இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வாங்க. நான் ஒரு கதை சொல்லப் போகிறேன். பயப்பட வேண்டாம், இதில் யாரும் சாகமாட்டார்கள். ஒரு மெஷின் கொஞ்சம் கோணும், ஒரு மனுஷன் சகதியில் விழுவான், அவ்வளவுதான். ஆனால் ஒரு பெண்ணுக்கு அத்தனை நாளும் நெஞ்சுக்குள் ஒரு இடி இடித்துக்கொண்டே இருந்தது. அவள் பெயர் நேசம்.

குன்னத்துகால் சந்தையிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கும் வழியில், நேசத்தின் மாப்பிள்ளை சத்தியதாஸ் ஒரு லேத் பட்டறை போட்டிருந்தான். முன்னால் பட்டறை, பின்னால் வீடு, நடுவில் ஒரு பலகைக் கதவு. அந்தப் பத்து செண்டு, அவன் அப்பன் அடுத்தவன் பூமியில் குடில் கெட்டிக் கிடந்த இடம். நிலச் சட்டம் வந்தபோது குடில் நின்ற மண் குடிகிடந்தவனுக்கே ஆயிற்று. பூமிக்காரன்மார் பண்டு குடில் கெட்ட எங்கே இடம் விட்டிருப்பார்கள்? வயலிலா, சமநிலத்திலா? சரிவில், பாறைப்புறத்தில், ஓடைக்கரையில். ஆகவே அந்தப் பகுதியில் பட்டயம் கிடைத்தவனுக்கெல்லாம் சரிவுதான் கிடைத்தது. சரிவு என்றால் என்ன, சொந்தச் சரிவு அல்லவா! பக்கத்தில் இன்னும் கொஞ்சம் வாங்கிச் சேர்த்து ரப்பர் வைத்தார்கள். மரம் வளர்ந்து பால் வெட்டும் பருவம் ஆனபோது, எல்லா வீட்டுக்கும் ஷீட்டடிக்கிற மெஷின் வேண்டியிருந்தது.

ஷீட்டடிப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரப்பர் பாலை டிஷ்ஷில் ஊற்றி, ஆசிட் கலந்து வைத்தால், பொழுது சாயுமுன் அது பாலாடைக்கட்டி மாதிரி உறைந்துவிடும். அதைக் கையால் அமர்த்தி, இரண்டு இரும்பு உருளைக்கு நடுவில் கொடுத்துப் பிடியைச் சுற்றவேண்டும். அந்த உருளைகளை இரண்டு முனையிலும் தாங்குவது பக்கத்தட்டு, தட்டுக்கு இரண்டாக மொத்தம் நாலு கால். தண்ணீர் பிழிந்து, ஷீட்டு மெலிந்து வெளியே வரும். இரண்டு உருளைக்கும் நடுவில் உள்ள இடை, இந்த முனையிலும் அந்த முனையிலும் ஒன்றுபோல இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஷீட்டு ஒரு பக்கம் தடித்துப் போகும். தடித்த பக்கம் புகைப்புரையில் எத்தனை நாள் கிடந்தாலும் உள்ளே வெள்ளையாகவே இருக்கும். கடைக்காரன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, கழிவு ஒட்டுப்பால் குவியலுக்குப் பக்கத்தில் எறிவான்.

சத்தியதாஸ் அந்த மெஷினைச் செய்கிறவன். நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் வேலை படித்தவன், அளவுக்காரன். முடியளவையும் அளக்கிற வெர்னியரை மஞ்சள் துணியில் சுற்றி, வேதப்புத்தகம் வைக்கிற அலமாரியில் வைத்திருப்பான். "ஞாயித்துக்கெழம அதையும் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போவும் மேஸ்திரி" என்பார் குட்டப்பன். குட்டப்பன் பட்டறையில் அரம் பிடிக்கிறவர், வயதில் மூத்தவர், வாயிலும் மூத்தவர். நேசத்துக்கும் பட்டறையில் வேலை உண்டு. முடிந்த மெஷினுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிப்பது அவள்தான். அவள் கைநகத்தில் எப்போதும் ஓர் ஓரம் பச்சையாக இருக்கும்.

அன்றைக்குத் துலாமாதத்து நடுப்பகல், ஐப்பசி மழைக்காலம். கிழக்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. நேசம் மரச்சீனிக் கிழங்கை வெட்டிப் பானை வெள்ளத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். கள்ளிக்காட்டுப் பக்கத்து ஆட்கள் மாறி ஏறி வருகிற பஸ் ஒன்று பட்டறைக்கு நேரே மெல்லப் போயிற்று. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கூவினான்:

"மேஸ்திரியே! வேலாயுதன் பறஞ்சு விட்டாரு! ஷீட்டு பின்னயும் கோணல் ஆக்கும்!"

பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் பட்டறைப் பக்கம் திரும்பிற்று. பஸ் போயிற்று. லேத்தும் நின்றது. வேலாயுதன் கள்ளிக்காட்டில் சத்தியதாஸின் மெஷினை வாங்கினவன்.

"கேட்டியா நேசம்?" என்றான் சத்தியதாஸ். முகம் வாடிவிட்டது. "பஸ்ஸில இருந்தவன் எல்லாம் கேட்டாச்சு."

"நல்லதாப் போச்சு," என்றார் குட்டப்பன். "இனி நோட்டீஸ் அடிக்காண்டாம்."

"குட்டப்பண்ணே, வெளையாடாதீங்க. இது மூணாவது தடவையாக்கும். இங்க வச்சு நம்ம எல்லாரும் பாத்தோமில்லியா? காயிதம் மாதிரி வந்துது ஷீட்டு. அங்க கொண்டு வச்ச உடனே கோணினா என்ன அர்த்தம்?"

"கள்ளிக்காட்டு காத்து அதுக்கு ஒத்துக்கிடல்ல."

சத்தியதாஸ் சிரிக்கவில்லை. மூலையில் கிடந்த இரும்பைக் காட்டினான். பவுண்டரியிலிருந்து வந்த வார்ப்புகளில் அவன் அளந்து தள்ளிப்போட்டவை அங்கே குவிந்து கிடந்தன.

"பக்கத்தட்டில ஒரு முடி கூடுதல் உண்டு, புஷ்ஷில ஒரு முடி உண்டு, உருளையில ஒரு முடி உண்டு. தனித்தனியா பாத்தா ஒண்ணுமில்ல. எல்லாம் ஒரே பக்கமாச் சேந்துதுண்ணா கோணல் வந்துரும். அதாக்கும் காரணம். இனி அரை முடிக்கு மேல ஒண்ணுலயும் விடமாட்டேன்."

"பின்ன மாசத்துக்கு ஒரு மெஷின் எறங்கும்," என்றார் குட்டப்பன். "தள்ளிப்போட்ட இரும்பை வச்சு நெய்யாத்துக்குக் குறுக்க ஒரு பாலம் கெட்டலாம்."

சத்தியதாஸ் கையைத் துடைத்துக்கொண்டு பலகைக் கதவைத் தாண்டி வந்து, நேசத்தின் பக்கத்தில் குந்தியிருந்தான். அவள் கிழங்குத் தோலைக் கையிலிருந்து உதறினாள். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தெரியும்.

"இஞ்ச பாரு பிள்ளே. ஜெயதாஸ் விசா சரியாக்கி வச்சிருக்கான். அவன் கம்பெனியில பிட்டர் வேலை. வாறேன், வரல்ல, ரெண்டில ஒண்ணு சொல்லணும். ரப்பர் சங்கத்து செக்ரட்டரி வேற சொல்லியாச்சு, கள்ளிக்காட்டு மெஷின் சரியா நிண்ணா மெம்பர்மாருக்கெல்லாம் நம்மகிட்ட எடுப்பாங்க, இல்லண்ணா கோட்டயத்திலேருந்து வரும். இந்தத் தடவை போய்ப் பாப்பேன். அதும் ஒக்கல்லண்ணா நான் துபாய்க்குப் போறேன். அங்க அளந்து வச்சது வச்ச எடத்தில நிக்கும். எல்லாம் சிமெண்டுத் தரையாக்கும்."

ஜெயதாஸ் அவனுடைய தம்பி. துபாய்க்குப் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

துபாய் என்றால் நேசத்துக்கு ஞாபகம் வருவது பக்கத்து வீட்டு லீலாபாய். அவளுடைய மாப்பிள்ளை அங்கிருந்து காசெட்டில் பேசி அனுப்புவான். லீலாபாய் மொசைக் தரையில் தனியாக உட்கார்ந்து அதைப் போட்டுக் கேட்பாள். 'லீலா, சொகந்தானா?' என்று பெட்டி கேட்கும். 'சொகந்தான்' என்று இவள் பெட்டிக்குச் சொல்வாள். பெட்டி அதைக் கேட்காமல் அடுத்த பேச்சுக்குப் போய்விடும். நேசம் ஒருநாள் பப்படம் கொடுக்கப் போனபோது அதைப் பார்த்துவிட்டு, பப்படத்தை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். போகாதீங்க என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. பட்டறை நடக்காவிட்டால் இரண்டு பெண்பிள்ளைகளையும் கொண்டு எங்கே போவது என்று அவன் திருப்பிக் கேட்பான்.

"நானும் வாறேன்," என்றாள்.

"எங்க, துபாய்க்கா?"

"கள்ளிக்காட்டுக்கு."

மறுநாள் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, ரெண்டு பஸ் மாறிப் போனார்கள். சத்தியதாஸ் மடியில் வெர்னியர், நேசம் மடியில் பழைய பேப்பரில் பொதிந்த, வெயிலில் உணக்கின நெத்திலி. ஒரு வீட்டுக்குக் குறை பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது அவளுடைய கணக்கு.

வேலாயுதனின் வீடு மேட்டில் தொங்கிக்கொண்டு நின்றது. கீழே ரோடு, மேலே ரப்பர், நடுவில் பாறை. அந்தப் பாறையில்தான் வீடு, பாறையில்தான் மிற்றம். மிற்றத்தின் ஓரத்தில் நாலு மூலைக்கும் கல் வைத்து, பாறையைத் துளைத்து போல்ட்டு இறக்கி, சத்தியதாஸின் மெஷினை வேலாயுதன் அப்படி முறுக்கி வைத்திருந்தான். யானை வந்து இழுத்தாலும் பெயராது. நல்ல மனுஷன் வேலாயுதன், பேச்சு குறைவு. மெஷின் வந்த நாள் முதல் காலையில் பல் தேய்க்குமுன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்து நாலு நட்டையும் ஒரு சுற்று முறுக்கிவிடுவான். அதுதான் அவனுடைய பக்தி.

பேச்சு முழுக்க அவனுடைய பெண்டாட்டி பங்கஜாட்சிக்கு.

"வா மோளே, வா. மேஸ்திரி, நீங்க வரவேண்டாம், அங்ஙனயே நில்லுங்க! எனக்கு ஒங்க மொகத்தைப் பாத்தா தேஷ்யம் வரும். பாருங்க இந்த ஷீட்டை. இந்தப் பக்கம் தோசை, அந்தப் பக்கம் புட்டு!"

கயிற்றில் ஷீட்டுகள் வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றிலும் ஒரே பக்கம் தடிமன். சத்தியதாஸ் அதைத் தொட்டுப் பார்த்தான். பிறகு குனிந்து, வெர்னியரை எடுத்து மெஷினை அளக்க ஆரம்பித்தான். இந்த முனை, அந்த முனை. உதட்டைக் கடித்தான். மறுபடியும் அளந்தான்.

"சரிதான். இடை ஒரு பக்கம் விரிஞ்சிருக்கு. ஆனா அங்க வச்சு சரியா இருந்துதே!"

"அங்க வச்சு சரி. அங்க வச்சு நான் ஷீட்டடிக்க வரவா? தெனம் பாலையும் தூக்கிக்கிட்டு பஸ்ஸில?"

நேசத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு நெத்திலிப் பொதியைக் கொடுத்தாள். பங்கஜாட்சி அதை முகர்ந்து பார்த்தாள், குரல் கொஞ்சம் இறங்கியது.

"பூவார் மீனா?"

"ஓம் சேச்சி. எங்க சந்தைக்கு வரும்."

"இருங்க ரெண்டு பேரும், கெழங்கு வேவுது. எனக்கு மேஸ்திரிக்கிட்ட பிணக்கம் ஒண்ணுமில்ல மோளே. நடுவில ஒரு ஆழ்ச்ச, ஏழு நாளு, நல்லாத்தான் ஓடிச்சு. என்ன தங்கம் போல ஷீட்டு! கடைக்காரன் கையில வச்சு தடவினான். பின்ன என்ன தோணிச்சோ, மறுபடியும் கோணிப்போச்சு."

"அந்த ஆழ்ச்ச என்ன செய்திய சேச்சி?"

"ஒண்ணும் செய்யல்ல. கெணத்துக் கப்பிக்க போல்ட்டு பொட்டிப்போச்சு, வெள்ளம் கோரணுமே. இந்த மனுஷன் கொல்லத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தாரு. நான் மெஷின்ல ஒரு மூலையில உள்ள போல்ட்டை ஊரி கப்பியில போட்டேன். வந்து பாத்ததும் எனக்கு ஏச்சு! மெஷினைக் கேடு பண்ணிட்டியேண்ணு. ஓடிப்போய்ப் புது போல்ட்டு வாங்கியாந்து முறுக்கினாரு."

வேலாயுதன் ஸ்பானரோடு தலையாட்டினான். "நல்லா முறுக்கினேன்," என்றான். அன்றைக்கு அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

நேசம் சத்தியதாஸைப் பார்த்தாள். அவன் வெர்னியரைத் துடைத்துக்கொண்டிருந்தான். காதில் விழுந்த மாதிரியே இல்லை.

"இஞ்ச பாருங்க. அந்த போல்ட்டை ஒண்ணு ஊரிப் பாத்தா என்ன?"

"எந்த போல்ட்டை?"

"சேச்சி ஊரின போல்ட்டை."

"கிறுக்கா ஒனக்கு? நாலு கால்ல ஒண்ணை விட்டா அது ஆடும். ஆடுற மெஷின்ல ஷீட்டு சரியா வருமா?"

"வந்துதுண்ணு சொல்லுதாங்கல்லா?"

வேலாயுதன் ஸ்பானரைக் கொடுக்க மனசில்லாமல் கொடுத்தான். சத்தியதாஸ் நட்டைத் திருப்பினான். ஒரு சுற்று, இரண்டு சுற்று. திடீரென்று கிறுக் என்று ஒரு சத்தம். மெஷினின் அந்தக் கால், கல்லைவிட்டுத் தானாகவே மேலே எழும்பிற்று. ஒரு விரல் நுழையும் அளவு. அமுக்கி வைத்திருந்த ஒருத்தனை விட்ட மாதிரி எழும்பிற்று.

பங்கஜாட்சி உறைந்த பாலை எடுத்துக்கொண்டு வந்தாள். நேசம் பிடியைச் சுற்றினாள். ஷீட்டு வந்தது. இந்த ஓரமும் அந்த ஓரமும் ஒன்றுபோல.

சத்தியதாஸ் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இரண்டு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தான். பிறகு சொன்னான்:

"அப்ப எனக்க மெஷின்ல தப்பில்ல. இவருக்க மிற்றத்திலயாக்கும் தப்பு. நாலு கல்லும் மட்டமா இல்ல. மட்டமில்லாத கல்லில வச்சு முறுக்கினா பக்கத்தட்டு முறுகாதா? தட்டு முறுகினா உருளை சாயாதா?"

"ஓஹோ," என்றாள் பங்கஜாட்சி, "இப்ப எங்க மிற்றத்துக்கா குத்தம்!"

"கோவப்படாதீங்க சேச்சி. நான் ஆளு விட்டு ஒரு சிமெண்டுத் திட்டு கெட்டித் தாறேன். ரசமட்டம் வச்சு, நாலு மூலையும் முடி மாறாம. இனி மெஷின் எடுக்கிற எல்லார் வீட்டிலயும் அதைக் கெட்டிட்டாக்கும் மெஷினை எறக்குவேன்."

அப்போதுதான் நேசம் சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை. கையில் ஒட்டிய ரப்பர் பாலை உரித்துக்கொண்டே சொன்னாள்.

"பட்டயம் கெடச்ச எல்லார்க்க மிற்றத்தையும் நீங்க போய் மட்டம் புடிக்கப் போறியளா?"

அவன் திரும்பிப் பார்த்தான்.

"நம்ம வீட்டிலயே அம்மி ஒரு பக்கம் சாஞ்சில்லியா கெடக்கி. அந்தச் சட்டத்தில எவனுக்காவது சமநெலம் கெடச்சுதா? நீங்க அரை முடி அளந்து குடுப்பிய, இவங்க பாறையில வச்சு முறுக்கினா அரை விரலு போவும். அளவு எங்க நிக்கும்? சேச்சியும் மாறமாட்டாங்க, பாறையும் மாறாது. வேலாயுதண்ணன் முறுக்காமலும் இருக்கமாட்டாரு."

"இருக்கமாட்டேன்," என்றான் வேலாயுதன்.

"மாற வேண்டியது மெஷினுல்லா?"

மழை விழுந்தது. துலாமழை சொல்லிக்கொண்டு வராது. எல்லாரும் ஓடி அடுக்களைச் சாய்ப்பில் ஏறினார்கள். பங்கஜாட்சி வெந்த கிழங்கை மசித்து மயக்கி, காந்தாரி மிளகும் உப்பும் இடித்த சம்மந்தி தொட்டுக்கொள்ளக் கொடுத்தாள். நெத்திலியை அப்போதே வறுத்துவிட்டாள். சத்தியதாஸுக்குச் சாப்பாட்டில் கவனம் இல்லை. அந்தச் சாய்ப்பிலும் தரை பாறைதான், மேடும் பள்ளமும்தான். அதில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு. அடுப்பின்மேல் சோற்றுப்பானை கொதித்துக்கொண்டு, ஒரு துளி ஆட்டம் இல்லாமல் இருந்தது. அவன் கையில் கிழங்கு உருண்டையோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேஸ்திரி, சோறு இன்னும் வேவல்ல," என்றாள் பங்கஜாட்சி. "அப்படிப் பாக்காண்டாம்."

"அது இல்ல சேச்சி. இந்தக் கல்லை மட்டம் பாத்தா வச்சிய?"

"அடுப்புக் கல்லுக்கு மட்டமா? சும்மா தூக்கி வைக்கணும். மூணு கல்லு எங்க வச்சாலும் நிக்கும்."

"நிக்கும்," என்றான் சத்தியதாஸ். "மூணு எங்க வச்சாலும் நிக்கும். நாலாவது கல்லை வச்சாத்தான் சண்டை." கிழங்கு உருண்டையை வாயில் போட்டான். காந்தாரி ஏறி இருமினான். இருமிக்கொண்டே சிரித்தான். நேசம் அவனுக்குக் கட்டஞ்சாயாவை நீட்டினாள். அவன் சிரித்துப் பார்த்து அவளுக்கு வெகுநாள் ஆகியிருந்தது.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைக்காதீங்க மக்கா. புத்தியில் தோன்றுவது வேறு, இரும்பில் செய்வது வேறு.

பட்டறைக்கு வந்து ஒரு மெஷினை எடுத்தான். ஒரு பக்கத்தட்டுக்கு இரண்டு கால் அப்படியே. மறு பக்கத்தட்டுக்கு இரண்டையும் வெட்டிவிட்டு, நடுவில் ஒற்றைக்கால். பிடியில்லாத பக்கத்தில் இரண்டு காலும் பிடி இருக்கிற பக்கத்தில் ஒன்றுமாக வைத்தான், அந்தப் பக்கம் சுற்றுகிறவனுக்குக் கால் வைக்க இடம் கிடைக்குமே என்று. வெளியே கொண்டுபோய், மழைத்தண்ணீர் கெட்டி நின்ற சரிவில் வேண்டுமென்றே கோணலாக வைத்தார்கள்.

"சுத்துங்க குட்டப்பண்ணே."

"மூணு காலு. பாத்தா நொண்டிப் பசு போல இருக்கு மேஸ்திரி."

"சுத்துங்க சொன்னேன்."

குட்டப்பன் தோளுக்கு எண்ணெய் தேய்த்த பயில்வான் மாதிரி நின்று, பிடியை ஓங்கி ஒரு சுற்றுச் சுற்றினார். மெஷின் அப்படியே அவர் பக்கம் சாய்ந்தது. அவர் பிடியை விடவில்லை, பிடியும் அவரை விடவில்லை. இரண்டு பேருமாகச் சகதியில் விழுந்தார்கள். மெஷின் ஒரு பக்கம், குட்டப்பன் ஒரு பக்கம், வேட்டி வேறொரு பக்கம்.

நேசம் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். கண்ணில் வெள்ளம் வந்துவிட்டது.

"சிரி மக்களே, சிரி," என்றார் குட்டப்பன் சகதியிலிருந்து. "பசு நொண்டிதான், ஆனா சவிட்டி உதைக்கது மாத்திரம் கொறயல்ல."

சத்தியதாஸ் அவரைத் தூக்கவேயில்லை. மெஷின் விழுந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான். "பலம் விழுற எடத்தில ஒத்தக்காலை வச்சுட்டேனே! பிடி உள்ள பக்கம் ரெண்டு வேணும், அந்தப் பக்கம் ஒண்ணு மதி, அது போதும். காலையும் கொஞ்சம் வெளியே பரத்தணும்."

அப்படியே செய்தான். இந்தத் தடவை குட்டப்பன் முதலில் வேட்டியை மடித்துக் கெட்டி, வேளாங்கண்ணி மாதாவைக் கூப்பிட்டுவிட்டுச் சுற்றினார். அவர் மாதாவைக் கும்பிடுகிறவர் அல்ல, ஆபத்துக்கு யாரானால் என்ன என்பார். மெஷின் அசையவில்லை. சரிவில் வைத்தார்கள், வேரின்மேல் வைத்தார்கள், மூலையில் குவித்துப்போட்ட பழைய இரும்பின்மேல்கூட வைத்துப் பார்த்தார்கள். ஷீட்டு ஒன்றுபோலவே வந்தது.

"அப்ப இனி வெர்னியருக்குப் பென்ஷன் குடுத்திரலாம்," என்றார் குட்டப்பன்.

"அது நடக்காது. பல்லுச்சக்கரம் ரெண்டுக்கும் உள்ள இடையில ஒரு முடி விடமாட்டேன். அதை விட்டா பல்லு பல்லைத் திங்கும். மத்ததெல்லாம் அது அது இஷ்டம் போல இருக்கட்டும். அந்தத் தள்ளிப்போட்ட வார்ப்பெல்லாம் எடுங்க, பாதிக்கு மேல ஒக்கும்."

நேசம் பச்சைப் பெயிண்டைக் குழைத்தாள். மனசில் பாரம் கொஞ்சம் இறங்கி இருந்தது. ஆனால் விசாவைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டு, 'இன்னும் தீருமானிக்கல்ல' என்று சொல்லிவிட்டால்? பெயிண்ட் அடிக்கிறபோது அந்த ஒற்றைக்காலுக்கு மட்டும் அவள் இரண்டு தடவை அடித்தாள்.

சங்கத்து செக்ரட்டரி கருணாகரன் வந்து பார்க்கும் நாள் வந்தது. மெஷினை ஜீப்பில் ஏற்றிக் கள்ளிக்காட்டுக்கே கொண்டுபோயிருந்தார்கள், பங்கஜாட்சியின் மிற்றத்துக்கே. கருணாகரன் வெள்ளை வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறையில் ஏறி வந்தார். மெஷினைப் பார்த்தார், குனிந்து காலை எண்ணினார், நிமிர்ந்தார்.

"இதென்ன மேஸ்திரி, ஸ்டூலா? ஒரு காலு வழியில விழுந்துபோயோ?"

"மூணுதான் ஸார்."

"எங்க வைக்கணும்னு நான் பறயும்," என்றார். அப்படிச் சொல்லி மிற்றத்திலேயே மோசமான இடத்தைக் காட்டினார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பிலாவு வேர், நடுவில் பள்ளம். வேலாயுதன் போல்ட்டு இறக்கி முறுக்கினான். கருணாகரனுக்கு அது போதவில்லை. ஸ்பானரைத் தானே வாங்கி, மூச்சைப் பிடித்து, மூன்றையும் இன்னும் முறுக்கினார். முகம் சிவந்துவிட்டது. வேலாயுதன் அவரை மரியாதையோடு பார்த்தான்.

பங்கஜாட்சி உறைந்த பாலைக் கொடுத்தாள், நேசம் சுற்றினாள். ஒரு ஷீட்டு, இன்னொரு ஷீட்டு, பிறகும் ஒன்று. கருணாகரன் எல்லாவற்றையும் வெயிலில் பிடித்துப் பார்த்தார், மடித்துப் பார்த்தார், ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பார்த்தார்.

"ஷீட்டு நல்லது. பறயாதிருக்க முடியாது." கொஞ்சம் தயங்கினார். "பக்ஷே மேஸ்திரி, ஒரு காரியம். மெம்பர்மார் காசு கொடுத்து எடுக்கிற சாதனம். கோட்டயம் மெஷினுக்கு நாலு காலு உண்டு, நம்முடையதுக்கு மூணு. ஆளு சிரிக்கும். ஒண்ணு செய், சும்மா பார்வைக்கு ஒரு காலு கூட வச்சுக் கொடு. அப்ப இப்பவே ஆர்டர்."

நேசம் பிடியிலிருந்து கையை எடுத்தாள். ஒரு கால். வெட்டின காலைத் திரும்ப ஒட்ட எத்தனை நேரம் ஆகும்? சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆர்டர் கையில். இல்லை என்றால் துபாய். அவள் சத்தியதாஸின் முகத்தையே பார்த்தாள். சொல்லிவிடுங்க என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நாலாவது காலை வைத்தால், வேலாயுதனைப் போல ஒருவன் எந்த வீட்டிலும் இருப்பான், காலையில் எழுந்து அதையும் முறுக்குவான். அவளுக்கே அது தெரியும்போது அவனுக்குத் தெரியாதா?

சத்தியதாஸ் மெதுவாகத்தான் சொன்னான்.

"வைக்க மாட்டேன் ஸார். காலு உண்டுமானா முறுக்குவாங்க. முறுக்கினா கோணும். கோணினா பஸ்ஸில கண்டக்டர் கூவுவான். நாலு காலு வேணும்னா கோட்டயத்தில எடுத்துக்கிடுங்க. நான் செய்றது இதாக்கும்."

மரத்திலிருந்து ஒரு ரப்பர் காய் வெடித்து ஓட்டில் விழுந்தது.

"ஸாரே," என்றாள் பங்கஜாட்சி, "ஒங்க வீட்டிலயும் கோட்டயம் மெஷின் உண்டில்லியா? அதில ஷீட்டு எப்படி?"

கருணாகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். பாறையைப் பார்த்தார், பிலாவைப் பார்த்தார். பிறகு சத்தியதாஸின் தோளில் கைபோட்டு, கொஞ்சம் ஒதுக்கிக் கொண்டுபோய், எல்லாருக்கும் கேட்கிற ரகசியக் குரலில் கேட்டார்:

"மேஸ்திரி... எங்க வீட்டு மெஷின்ல ஒரு காலு வெட்டிக் களையாமோ?"

பங்கஜாட்சி சிரித்த சிரிப்பில் கோழிகள் ஓடின. வேலாயுதன்கூடச் சிரித்தான். கருணாகரனும் வேறு வழியில்லாமல் சிரித்தார். சிரிப்பு அடங்கினபிறகு, மெம்பர்மாருக்கெல்லாம் இதே மெஷின்தான் என்று சொல்லிவிட்டுப் பாறை இறங்கினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. மழைக்குத் தார்ப்பாயை இறக்கி விட்டிருந்தார்கள், உள்ளே இருட்டும் புழுக்கமும். சத்தியதாஸ் விசாவைப் பற்றிப் பேசுவான் என்று நேசம் ஒவ்வொரு வளைவிலும் காத்தாள். ஆர்டர் கிடைத்தது வேறு, விசா வேறு. தம்பி வருந்திச் சரியாக்கினது, அதைத் தட்டிவிட எல்லாருக்கும் மனசு வராது. பெரிய வீடு, மொசைக் தரை, பிள்ளைகளுக்கு நகை. ஆம்பிளைகளுக்கு ஆசை இருக்காதா என்ன?

குன்னத்துகாலில் இறங்கினார்கள். மழை விட்டு, ரோடு புகைந்துகொண்டிருந்தது. தபாலாபீசு முன்னால் வந்ததும் அவன் நின்றான்.

"நீ நட. நான் ஜெயதாஸுக்கு ஒரு தந்தி அடிச்சிட்டு வாறேன்."

அவள் அங்கேயே நின்றாள். "என்னெண்ணு?"

"என்னெண்ணு அடிக்க? வரல்லண்ணு. எனக்குப் பகரம் வேற ஆளைப் பாக்கச் சொல்லி." பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், செருப்பில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "சிமெண்டுத் தரையில எவன் வேணும்னாலும் மெஷின் வைப்பான் பிள்ளே. நமக்கு இந்தப் பாறையே மதி."

நேசம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மழைத்துளி விழுந்த மாதிரி. பிறகு நாலடி நடந்து, திரும்பி நின்று, சந்தைக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள்:

"தந்தி அடிச்சிட்டு வரும்போ சாளை மீன் வாங்கியாங்க! மாங்கா போட்டு வைப்பேன். எண்ணி எண்ணி வாங்காதீங்க, குட்டப்பண்ணனையும் கூப்பிடணும்!"

அவ்வளவுதான் மக்கா கதை. மழையும் விட்டுவிட்டது, எழுந்திருங்க. உங்கள் வீட்டு ஆண்மக்களும் பெண்மக்களும் எங்கே வேலைக்குப் போனாலும் அந்திக்கு விளக்கு வைக்கும்போது வாசலில் கால் கழுவட்டும். பிள்ளைகள் விளிக்கிற விளிக்கு அப்பனுடைய வாயிலிருந்தே மறுபதில் வரட்டும். உங்கள் சட்டியில் ஆளுக்கொரு கண்டம் போக, வழியே வருகிறவனுக்கும் ஒரு கண்டம் மீன் எப்போதும் கிடக்கட்டும். நல்லா இருங்க. பைய நடங்க, படி வழுக்கும்.